செவுளக்கா போட்ட வரிசை

திருவொற்றியூரில் உயிரோடிருக்கும் எதுவும் செவுளக்காவுக்கு வாயைத் திறந்து காட்டாமல் தப்பியதில்லை. நாய், பூனை, ஆடு, கிளி, ஒருமுறை ஓர் ஆமை, பலமுறை மீட்டர் பார்க்க வந்த மின்வாரிய ஊழியர். எதிரே யார் வந்து நின்றாலும் அக்காவின் வலது கட்டைவிரல் தானாக எழுந்து அவர்களுடைய மேலுதட்டை நோக்கிப் போகும். மற்றவர்கள் வணக்கம் சொல்கிற இடத்தில் அவர் ஈறு பார்ப்பார்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆதார் அட்டையில் ஏதோ அச்சடித்துத்தானே கொடுத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெயரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் செவுள் என்றால் மீன் மூச்சு விடும் இடம். மனிதனுக்கு அறை விழுகிற இடமும் அதுதான். அக்காவுக்கு இரண்டிலும் நல்ல அனுபவம் என்று சொல்வார்கள். முதலாவதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாவதைச் சந்தேகப்பட்டுப் பரிசோதித்தவர்கள் யாரும் இல்லை.

நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் அந்தக் கால்நடை மருத்துவமனை இருந்தது. மருத்துவமனை என்று பலகைதான் சொன்னது. உள்ளே ஒரு மேசை, ஓர் ஆக்சிஜன் சிலிண்டர், அதிர்ந்து பேசாத ஒரு டாக்டரம்மா. வெளியே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு நீள பெஞ்சு. பெஞ்சுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். அதில் செவுளக்கா. கதவைத் தாண்டி உள்ளே போகிற நான்கு கால்களும் இரண்டு இறக்கைகளும் அவர் சொல்கிற வரிசையில்தான் போக வேண்டும். டோக்கன் கொடுப்பது உண்டு. அது கையில் ஏதாவது வைத்திருந்தால் மனிதர்கள் கொஞ்சம் அமைதியாக இருப்பார்கள் என்பதற்காக.

எனக்கு அவர் அறிமுகமானது எங்கள் பூனை சுல்தானால். துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் நான் வேலை பார்த்த காலம். மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். ஒருநாள் காலை சுல்தான் பால்கனிச் சுவர்மீது ஒரு காக்காவைக் குறிவைத்துப் பாய்ந்தது. காக்கா பறந்தது. சுல்தானும் பறந்தது. காக்காவுக்கு இறக்கை இருந்தது.

பதறி ஓடிப் போய்ப் பார்த்தால், கீழே கொட்டியிருந்த மணலின் ஓரமாகக் கண்ணியமாக உட்கார்ந்திருந்தது. ரத்தம் இல்லை, நொண்டல் இல்லை. இருந்தாலும் காட்டிவிடலாம் என்று கூடையில் வைத்து எடுத்துப் போனேன். டோக்கன் பதினான்கு. பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தேன். சுல்தான் வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆட்டோடு இருந்த அம்மாவிடம், “பாருங்க, சிரிக்கிற மாதிரியே இருக்கு” என்று சொன்னது நான்தான். மறுக்க விரும்புகிறேன், ஆனால் சாட்சி இருக்கிறது.

“யோவ் கண்ணாடி!”

நிமிர்ந்தேன். ஸ்டூலிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்துகொண்டிருந்தார். நல்ல உயரம், தூக்கிச் செருகிய புடவை, அவருக்கு இரண்டு அடி முன்னால் மீன் வாசனை.

“இன்னா பண்ணிகினு கீற?”

“டோக்கன் பதினாலுங்க.”

“டோக்கன கேட்டனா நானு? நாயி வாயத் தொறந்து மூச்சு வுட்டா வெயிலு. பூனை வாயத் தொறந்து மூச்சு வுட்டா பேஜாரு. நீ பேப்பரு படிச்சிகினு கீற!”

அவர் கையை சுல்தானின் மூக்குக்கு நேரே நீட்டினார். மூன்று மாடிக்கு மேலேயிருந்து மீன்காரியின் குரலைக் கேட்டு இறங்கி ஓடுகிற பூனை அது. காது கூட அசையவில்லை. அக்கா அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், கூடையைத் தூக்கிக்கொண்டு கதவைக் காலால் திறந்தார்.

“டாக்டரம்மா, பதினாலு மொதல்ல வருது!”

விழுந்த வேகத்தில் நுரையீரலுக்கு வெளியே மார்புக்குள் காற்று புகுந்திருந்தது. டாக்டரம்மா ஆக்சிஜனை வைத்துவிட்டு ஊசி போட்டுக் காற்றை உறிஞ்சி எடுத்தார். சுல்தான் வாயை மூடிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரம் அது சிரித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா மென்மையாக விளக்கினார். வெளியே வந்து அக்காவுக்கு நன்றி சொன்னேன். அவர் என் கீழுதட்டைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்துவிட்டு, “நீ கூட கொஞ்சம் வெளுத்துதான் கீற. பேரிச்சம்பழம் துன்னு” என்றார்.

அக்கா மீன் விற்கிறவர். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, பத்து மணிக்குள் கூடையைக் காலி செய்துவிடுவார். மருத்துவமனைக்கு அவர் முதலில் வந்தது தன் கடைக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் தெருநாயை ஷேர் ஆட்டோ இடித்தபோது. தன் முறைக்காகக் காத்திருந்தவர், முன்னால் இருந்த இன்னொரு நாயைக் காட்டி, “டாக்டரம்மா, என் நாய அப்பால பாரு. அதுக்கு செவுளு வெள்ளையா பூட்ச்சி. உள்ளாற ரத்தம் ஒழுவுது” என்றாராம். நாய்க்குச் செவுள் கிடையாது என்று சொல்ல வந்த டாக்டரம்மா அதன் ஈறைப் பார்த்தார். காகிதம் போல இருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டுதான் இருந்தது. அந்த நாயும் பிழைத்தது, அக்காவின் நாயும் பிழைத்தது. மறுநாளிலிருந்து ஸ்டூல் போடப்பட்டது.

“மீனுக்கு செவுளு செவப்பா இருந்தா வெல. இதுங்களுக்கு ஈறு ரோஸா இருந்தா உசுரு. ரெண்டும் ஒரே பாடந்தான், நைனா” என்பார்.

பாடம் மூன்று கட்டம். முதலில் மூச்சு. தொடவே மாட்டார். நான்கடி தள்ளி நின்று வயிறு ஏறி இறங்குவதைப் பார்ப்பார். கழுத்தை நீட்டி, முன்னங்கால் முட்டிகளை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிற நாயைக் கண்டால் மற்ற எல்லாரையும் ஓரங்கட்டிவிடுவார். அதற்குப் பிறகு ரத்தம் ஓடுகிறதா என்பது. ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுப்பார். அழுத்திய இடம் வெளுக்கும். மறுபடி சிவக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ண வேண்டும். டாக்டரம்மா கையில் கடிகாரம் உண்டு. அக்காவின் கணக்கு வேறு. “வஞ்சிரம்... சங்கரா... நெத்திலி...” என்று நிதானமாகச் சொல்வார். சங்கராவுக்குள் நிறம் திரும்பிவிட்டால் உட்காரலாம். நெத்திலி வரைக்கும் போனால் உள்ளே. டாக்டரம்மா ஒருநாள் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு மீனுக்கு ஒரு வினாடி, பிசகவில்லை.

மூன்றாவது, நினைவு இருக்கிறதா என்பது. பூனைகளுக்கு அவருடைய கை போதும். மயக்கத்தில் இல்லாத எந்தப் பூனையும் அந்தக் கையைப் புறக்கணித்ததில்லை. நாய்களுக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம். பிஸ்கட் கொடுக்க மாட்டார், சத்தம் மட்டும்தான். பிஸ்கட் உள்ளே போவது அக்காவுக்கே. ஆட்டுக்கு, அதன் உடைமையாளரின் புடவை முந்தானையை நீட்டுவார். மெல்லத் தொடங்கினால் ஆடு நலம். புடவையைப் பற்றி அவர் பொறுப்பேற்பதில்லை.

இந்த முறையால் தினமும் சண்டை. அக்காவின் சட்டப்படி, கத்துகிறவன் காத்திருக்க வேண்டும். கத்துவதற்கு மூச்சு வேண்டும், மூச்சு இருக்கிறது, ஆகவே உட்கார். சத்தமே இல்லாமல் மூலையில் கிடப்பதுதான் முதலில் உள்ளே போகும். இந்தச் சட்டத்தை அவர் நாய்களுக்கு மட்டுமல்ல, கூட வந்தவர்களுக்கும் பயன்படுத்தினார்.

அதனால் அதிகம் பாதிக்கப்பட்டவர் அரிசி மண்டி அண்ணாச்சி. தென்கோடியிலிருந்து வந்து இங்கே மொத்த வியாபாரத்தில் வேரூன்றியவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, ரயில்வே கேட் வரை கேட்கும் குரல். அவருடைய லாப்ரடார் நாய்க்கு ஜமீன் என்று பெயர். ஜமீனுக்குக் காதில் தீராத அரிப்பு. வாரம் தவறாமல் வருவார்கள். அண்ணாச்சி விடிந்ததும் ஆளை அனுப்பி முதல் டோக்கனை வாங்கிவிடுவார். உள்ளே போகும்போது பெரும்பாலும் ஒன்பதாவது ஆளாக இருப்பார்.

“ஏம்மா, நான் மொத டோக்கன் வச்சிருக்கேம்லா? இப்பம் வந்த ஆட்டை உள்ள வுடுதீங்க. இது என்ன நியாயம்?”

“உன் நாயி இன்னா பண்ணுது பாரு.”

“குலைக்கி.”

“குலைக்குதுல்ல? குந்து.”

“நான் யாருன்னு தெரியுமா? நான் சத்தம் போட்டா தெரு தாங்காது, சொல்லுதேன்!”

“போடு அண்ணாச்சி. நல்லா ஷோக்கா போடு. நீ கத்திகினு கீற வரைக்கும் எனக்கு நிம்மதி.”

ஜமீன் குரைக்க, அண்ணாச்சி கத்த, அக்கா பிஸ்கட் தின்ன, டாக்டரம்மா உள்ளே மேசை மேல் கிடக்கும் உயிரைக் கவனித்துக்கொண்டிருப்பார். நான் சுல்தானின் தடுப்பூசியை சாக்காக வைத்து இந்தக் காட்சிக்காகவே இரண்டு முறை போனதுண்டு.

அக்காவின் சட்டம் ஒரு தடவை தோற்றது. அதைச் சொல்லாமல் விட்டால் அவரே என் செவுளில் விடுவார்.

கத்திவாக்கத்திலிருந்து ஒரு படகுக்காரர், இறால் பிடிக்கிறவர், ஒரு பெரிய செம்பழுப்பு நாயைக் கூட்டி வந்திருந்தார். அது குரைத்தது. இடையிடையே வாந்தி எடுப்பதுபோல ஓக்காளித்தது, ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை. ஈறு ரோஸாக இருந்தது. பிஸ்கட் சத்தத்துக்குத் திரும்பியது. அக்கா அதை ஏழாவதாக உட்கார வைத்தார். முக்கால் மணி நேரம் கழித்துப் படகுக்காரர் எழுந்து வந்து, “யக்கா, வயிறு மத்தளம் கணக்கா ஆயிட்சி” என்றார். இரைப்பை முறுக்கிக்கொண்டு காற்று அடைத்திருந்தது. டாக்டரம்மா செய்யக்கூடியதையெல்லாம் செய்தார். நாய் மேசையிலேயே இறந்துவிட்டது.

படகுக்காரர் நாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தார். நாயைத் துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு போனார். அக்கா அவரோடு சாலை வரைக்கும் போனார். பிறகு இரண்டு நாள் வரவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது, எல்லாரும் டோக்கன் வரிசையில் ஒழுங்காக உள்ளே போனார்கள், யாருக்கும் அது பிடிக்கவில்லை. அண்ணாச்சி முதல் ஆளாக உள்ளே போய்விட்டு வெளியே வந்து, “என்னவோ மாதிரி இருக்குய்யா” என்றார்.

மூன்றாம் நாள் அக்கா வந்தார். டாக்டரம்மா, “உங்க தப்பு இல்லக்கா, ஆரம்பத்துல அது அப்படித்தான் தெரியும்” என்றார்.

“ஆரம்பத்துல தெர்லல்ல? அப்போ ஆரம்பத்துல பாத்துட்டு குந்திகினு இருந்தது என் தப்புதான?” என்றார் அக்கா. அன்றிலிருந்து கால் மணிக்கு ஒருமுறை எழுந்து பெஞ்சு முழுவதையும் மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். பார்த்ததையே பார்ப்பார். யாராவது சலித்துக்கொண்டால், “அப்போ பாத்தது அப்போ. இப்போ எப்பிடி கீது?” என்பார். அந்தச் சுற்றின்போது நாயோடு வந்தவர்களின் உதடும் தப்பாது. ஒரு சுற்றுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் காலியானது.

அது நடந்து சில மாதம் இருக்கும். மே மாத வெயில். தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. சுல்தானுக்கு நகத்தில் புண் என்று நான் போயிருந்தேன். அண்ணாச்சி வழக்கம்போல டோக்கன் ஒன்றோடு முன்வரிசையில். எர்ணாவூர் பக்கமிருந்து ஒருவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அக்கா ஈறை அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். பெஞ்சு முழுவதும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தது, இப்போது தொடங்குவார் என்று.

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை.

நான் நினைத்தேன், மனிதர் திருந்திவிட்டார் போலிருக்கிறது. அக்கா பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோனவர் பாதியில் நிறுத்தினார்.

“இன்னா அண்ணாச்சி, சவுண்டயே காணோம்?”

“ஒண்ணுமில்லம்மா. காலைல சாப்பிட்டது... வாயு.”

அக்கா எழுந்து வந்து நான்கடி தள்ளி நின்றார். அவருடைய வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு கிட்டே போய், ஊரே மரியாதையாக ஒதுங்கி நிற்கும் அரிசி மண்டி அண்ணாச்சியின் மேலுதட்டைத் தூக்கினார். அழுத்தினார்.

“வஞ்சிரம்... சங்கரா... நெத்திலி...”

அழுத்திய இடம் இன்னும் வெளுப்பாகவே இருந்தது.

“...வவ்வாலு,” என்றார் அக்கா. வவ்வால் மீன் வரைக்கும் எண்ணி நான் கேட்டதே இல்லை. “அண்ணாச்சி, என்ன பாரு. உன் நாயி பேரு இன்னா?”

அண்ணாச்சி நாயைப் பார்த்தார். ஜமீன் வாலை ஆட்டியது. நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்துகொண்டிருந்தது. அவர் வெகுநேரம் யோசித்தார். “நல்ல பேரு,” என்றார்.

“டாக்டரம்மா! இங்க வா! கையில கீறத போட்டுட்டு வா!”

டாக்டரம்மா கையுறையோடு ஓடி வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்ததும் முகம் மாறியது. “அக்கா, நெஞ்சு வலி போலத் தெரியுது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.” ஆம்புலன்ஸுக்கு ஒருவர் போன் போட்டார். அது வர வேண்டுமானால் நெடுஞ்சாலையில் நின்றுகொண்டிருந்த கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டித்தான் வர வேண்டும். வாசலில் மருத்துவமனையின் லோடு ஆட்டோ டிரைவரோடு நின்றது. மாடு, கன்றுகளை ஏற்றிவர வைத்திருந்தது. அக்கா அதைக் காட்டினார். சந்து சந்தாகப் போய்விடலாம்.

டாக்டரம்மா ஆக்சிஜன் சிலிண்டரைக் கொடுத்தார். முகமூடி, நாய்களுக்கானது, கூம்பு வடிவில் நீளமாக இருந்தது. அண்ணாச்சிக்கு அது ஓரளவு பொருந்தியது. கோணிப்பை விரித்து அவரைப் பாதி சாய்த்து உட்கார வைத்தோம். ஜமீன் தானாக ஏறிக்கொண்டது, இறக்க முடியவில்லை. டாக்டரம்மாவால் ஆட்டுக்குட்டியை விட்டு வர முடியாது. ஆகவே அக்கா, நான், என் மடியில் சுல்தான். வழி நெடுக அக்கா அண்ணாச்சியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“கத்து அண்ணாச்சி. ஒரு தபா கத்து. நா ஆட்ட மொதல்ல வுட்டேன்ல? கேளு என்ன. திட்டு.”

அண்ணாச்சி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அக்காவின் குரல் அப்போதுதான் முதன்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. “பேஜாரு பண்ணாத, அண்ணாச்சி” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே அக்கா ஒப்பித்தார். “மூச்சு நிமிசத்துக்கு முப்பது. ஈறு வெளுத்துக்கீது, அயுத்தினா நாலு எண்ணுற வரைக்கும் செவக்கல. மூணு தபா கூப்ட்டா ஒரு தபா கண்ணு தொறக்குறாரு. ஆக்சிஜன் வெச்சி பத்து நிமிசம்.”

பணியில் இருந்த இளம் டாக்டர் வேலையைத் தொடங்கிக்கொண்டே கேட்டார். “நல்லா சொல்றீங்க சிஸ்டர். எந்த ஆஸ்பத்திரி நீங்க?”

“நாய் ஆஸ்பத்திரி.”

டாக்டர் முதலில் முகமூடியைப் பார்த்தார். பிறகு வாசலில் நிற்கும் ஜமீனைப் பார்த்தார். பிறகு என்னையும் என் கையிலிருந்த பூனையையும் பார்த்தார்.

ரத்தக்குழாயில் அடைப்பு. அன்றே எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சியின் மனைவி மருத்துவமனைக்கு வந்தபோது வெளியே மரத்தடியில் அக்கா ஜமீனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விவரம் கேட்டு அழுதவர், நடுவில் நிறுத்தி, “இவக வாய்க்குள்ளயா கைய விட்டீங்க? அதே கையாலயா?” என்றார். அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டார். “காலைல இறால் ஆஞ்ச கைதான். கயிவிட்டுதான் வந்தேன்” என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து அண்ணாச்சி வந்தார். இளைத்திருந்தார். ஜமீனுக்குக் காது அரிப்பு அப்படியே இருந்தது. டோக்கன் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேராக ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்று, தானாகவே மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். அக்கா அழுத்தினார். வஞ்சிரத்திலேயே சிவந்துவிட்டது.

“ஷோக்கா கீது” என்றார்.

“அப்பம் இன்னைக்காவது எங்கள மொத ஆளா உள்ள வுடுவியளா?”

“நாயி இன்னா பண்ணுது?”

“குலைக்கி.”

“அப்போ குந்து.”

அண்ணாச்சி சுற்றிலும் பார்த்தார். மூச்சை நன்றாக இழுத்தார். “இது என்ன நியாயம்னு கேக்கேன்!” என்று அவர் போட்ட சத்தத்தில் கூண்டிலிருந்த கிளி ஒன்று கீழே விழுந்தது. அக்கா அதை எடுத்துப் பார்க்கக் குனிந்தார். அவர் முகத்தை யாரும் பார்க்க முடியாதபடி கொஞ்சம் அதிக நேரம் குனிந்தே இருந்தார்.

இப்போது நான் மேடவாக்கத்துக்கு வீடு மாறிவிட்டேன். எங்கள் தெருவிலேயே இரண்டு கால்நடை மருத்துவமனைகள், இரண்டிலும் ஏசி, போனிலேயே நேரம் வாங்கிக்கொள்ளலாம். சுல்தானுக்கு வயதாகிவிட்டது, மாதம் ஒருமுறையாவது காட்ட வேண்டியிருக்கிறது. கூடையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு வண்டி மாறி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் பயணம் செய்து திருவொற்றியூருக்குத்தான் போகிறேன். அந்த டாக்டரம்மா கைராசிக்காரர் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.